மீண்டு வந்த கற்கள்: திருப்பிக் கொடுத்தலின் அறம் பற்றி ஒரு சிந்தனை

செய்தித்தாள்களிலே பயணம் பற்றிய விநோதச் செய்திகளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கப்படுவதுண்டு. பெயரொற்றுமையால் மயங்கி வேறொரு நாட்டு நகரிலே சென்று இறங்கியவர், விமான நிலையம் ஒன்றையே பல ஆண்டுகள் வீடாகக் கொண்டு வாழ்ந்தவர் என இத்தகையோர் அம்மூலையிலே தோன்றி மறைவர். நாமும் படித்து நகைத்து அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகின்றோம். இவ்வாறு திரும்பத் திரும்பத் தோன்றும் செய்திகளுள் ஒன்று தபாலில் வந்து சேரும் கற்களைப் பற்றியது. உல்லாசப் பயணத்தின்போது நினைவுப் பொருளாக எடுத்துச் சென்ற ஒரு சிறு கல்லை, சில வேளைகளிற் பத்து இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒருவர் மன்னிப்புக் கடிதத்துடன் பொதியாகக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுகின்றார். ஒரு கல்லுக்காக இவ்வளவு தபாற் செலவா என்று வியப்பதோடு செய்தி முடிந்துவிடுகின்றது.

வியப்பு முடிகின்ற அவ்விடத்திலேதான் வினா தொடங்குகின்றது. எடுத்தது ஒரு சிறு கல். எடுத்தவரைக் கண்டவர் எவருமிலர். எடுக்கப்பட்டதென்பதும் எவருக்கும் தெரியாது. அவ்வாறாயின் அவரை வருத்துவது யாது? அவர் கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டமையால் அவர் செய்த செயல் செய்யப்படாததாகிவிடுமா? திருப்பிக் கொடுத்தல் தவற்றை அழிக்குமா, அன்றித் தவறு செய்தவரின் மனச்சுமையை மாத்திரம் இறக்கி வைக்குமா? அறவியலின் மிகப் பழைய வினாக்கள் சில ஒரு சாதாரணத் தபாற் பொதிக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அப்பொதியைச் சற்றே அவிழ்த்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் செய்திகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே கல்மரக்காடு எனப் பொருள்படும் பெயருடைய தேசியப் பூங்கா ஒன்று உளது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஆற்று வண்டலுட் புதையுண்ட மரங்கள், நிலத்தடி நீரிற் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல ஊறிப் படிந்தமையால், ஆங்குக் கல்லாகிக் கிடக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாக ஒளிரும் அவற்றின் சில்லுகள் வழிநெடுகச் சிதறிக் கிடக்கும். 1906ஆம் ஆண்டிலே சனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற் அவ்விடத்தைத் தேசிய நினைவிடமாகப் பிரகடனஞ் செய்தார். 1962இல் அது தேசியப் பூங்காவாயிற்று. ஒரு சில்லையேனும் எடுத்துச் செல்லுதல் அங்கே குற்றமாகும். எனினும் எடுப்போர் எடுத்தனர். எடுத்தவருட் சிலர் 1930கள் தொட்டே கடிதத்துடன் திருப்பி அனுப்பியும் வந்துள்ளனர். அக்கடிதங்களைப் பூங்கா நிர்வாகத்தினர் பேணி வைத்துள்ளனர். 'மனச்சாட்சிக் கடிதங்கள்' என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர்.

இஃது அரிசோனாவுக்கு மாத்திரம் உரியதன்று. அவுஸ்திரேலியாவின் நடுவண் பாலைநிலத்திலே, சுற்றியுள்ள சமவெளியிலிருந்து 348 மீற்றர் உயர்ந்து நிற்கும் உலுரு என்னும் செம்பாறை, அந்நிலத்தின் முதற் குடிகளான அனாங்கு மக்களுக்குப் புனிதமானது. 1985ஆம் ஆண்டிலே அந்நிலம் சட்டப்படி அவர்களிடம் மீள ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கற்களும் மண்ணும் உலகின் பல திசைகளிலிருந்தும் தபாலில் மீண்டு வருகின்றன. அவற்றை 'மன்னிப்புக் கற்கள்' என்பர். ஹவாய்த் தீவுகளின் எரிமலைப் பூங்காவுக்கும் இவ்வாறே எரிமலைக் கற்கள் வந்து சேர்கின்றன. இத்தாலியின் பொம்பேயி நகரிலே 2005ஆம் ஆண்டு சில ஓட்டுத் துண்டுகளை எடுத்துச் சென்ற கனடியப் பெண்ணொருத்தி 2020இல் அவற்றைத் திருப்பி அனுப்பினாள். இடைப்பட்ட ஆண்டுகளிலே தன்னைத் தொடர்ந்த நோய்க்கும் பொருள் நெருக்கடிக்கும் அத்துண்டுகளே காரணமென அவள் நம்பியதாகச் செய்திகள் கூறின.

இனி வினாவுக்கு வருவோம். ஒரு சிறு கல்லை எடுத்தல் உண்மையிலே தவறாகுமா? கல் எடுத்தவரின் மனத்திலே முதலில் எழும் சமாதானம் எளிமையானது: 'இவ்வளவு பெரிய பாறையிலே இந்த ஒரு துண்டினால் என்ன குறைந்துவிடப்போகின்றது?' இச்சமாதானத்தை வெறும் சாட்டென்று தள்ளிவிடுதல் எளிதன்று. ஏனெனில் அதன் கூற்று உண்மையானது. ஒரு சில்லு குறைவதனால் அக்காட்டிலே எவரும் காணத்தக்க வேறுபாடு தோன்றாது. காணத்தக்க தீங்கு எதனையும் விளைக்காத செயலைத் தீச்செயல் என்பது எங்ஙனம்?

ஆங்கில மெய்யியலாளரான டெரெக் பார்பிற் 1984இல் வெளியிட்ட நூலிலே இச்சிக்கலை விளக்க ஒரு கற்பனையை அமைத்தார். வதைசெய்வோர் ஆயிரவர்; வதைக்கப்படுவோர் ஆயிரவர். வதைசெய்வோன் ஒவ்வொருவனும் தன்னிடம் அகப்பட்ட ஒருவனின் வேதனையை ஆயிரம் தடவை சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடிய துன்பமாக்கினான். பின்னர் அவர்கள் முறையை மாற்றினர். ஒவ்வொருவனும் ஒரு பொத்தானை அழுத்த, ஆயிரவருடைய வேதனையும் உணரமுடியாத ஓரளவினால் மாத்திரமே கூடுகின்றது. இப்பொழுது ஒவ்வொருவனும் 'நான் எவனையும் உணரத்தக்கவாறு துன்புறுத்தவில்லை' என்று கூறலாம்; கூற்றும் பொய்யன்று. ஆயினும் வதைக்கப்பட்டோர் பட்ட துன்பம் முன்னையதேயாகும். தனித்தனியே நோக்கும்போது மறைந்துவிடும் தீங்கு, சேர்த்து நோக்கும்போது வெளிப்படுகின்றது. மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் அளவு மிஞ்சினால் முறியும் என்று வள்ளுவர் அரசியல் பற்றிக் கூறியதை ஈண்டு நினைவு கூரலாம். எந்தப் பீலி அச்சை முறித்தது என்று கேட்பதிற் பொருளில்லை.

இத்தாலியின் சார்தீனியாத் தீவிலே இவ்வுண்மை சட்டமாகவே வடிவெடுத்துள்ளது. கடற்கரை மணலைப் போத்தலில் நிரப்பிக் கொண்டுசெல்வது அங்கு வரும் பயணிகள் சிலரின் வழக்கமாயிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மணல், கூழாங்கல், சிப்பி ஆகியவற்றை எடுப்போர் 500 முதல் 3000 யூரோ வரை தண்டம் செலுத்த வேண்டும். 2019இலே பிரெஞ்சுத் தம்பதியர் இருவர் பதினான்கு பிளாத்திக்குப் போத்தல்களில் ஏறத்தாழ 40 கிலோகிராம் மணலுடன் துறைமுகத்திலே பிடிபட்டனர். ஒரு பிடி மணலைக் கண்டு நகைப்பவரும் நாற்பது கிலோகிராமைக் கேட்டு முகஞ் சுளிப்பர். ஆயின் நாற்பதினாயிரம் பேர் ஒவ்வொரு கிராம் எடுத்தால் ஆவதும் அதே நாற்பது கிலோகிராம்தான். அப்பொழுது மாத்திரம் குற்றவாளி எவருமிலர் என்று சொல்லிவிட முடியுமா?

இம்மட்டில் நின்றுவிட்டால், தவற்றின் சாரம் தொகையிலேதான் உளது என்று கொள்ள நேரும். அவ்வாறு கொள்வதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அரிசோனாப் பூங்காவிலே நாள்தோறும் நிகழும் சிறு களவுகளாற் கல்மரக்காடு விரைவில் வெறுமையாகிவிடும் என்ற அச்சம் நெடுங்காலம் நிலவியது. ஆனாற் பழைய நிழற்படங்களை அதே இடங்களின் இன்றைய தோற்றத்துடன் ஆய்வாளர் ஒப்பிட்டபோது, பல இடங்களிலே கற்றுண்டுகள் பெரும்பாலும் இருந்தவாறே கிடப்பது புலனாயிற்று. அஞ்சிய அளவுக்குக் காடு குறையவில்லை. அப்படியாயின், எடுத்துச் சென்றவர்களின் குற்றமும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டதா? கடிதம் எழுதியவர்கள் வீணாகவே வருந்தினார்களா?

அன்று என்பதே எமது விடை. எடுத்தவர் செய்த தவறு, காட்டின் நிறை குறைந்தமையில் மாத்திரம் அடங்கியதன்று. எல்லோரும் கண்டு மகிழும்பொருட்டு எல்லோரும் தொடாமல் விட்டுச் சென்ற ஒன்றை அவர் தனக்கெனத் தனியே பிரித்தெடுத்தார். முன் வந்தவர்களின் அடக்கத்தினாலேதான் தனக்கு அக்காட்சி வாய்த்தது என்பதை மறந்தார். பிறர் யாவரும் காக்கவேண்டிய விதியிலிருந்து தனக்கு மாத்திரம் விலக்களித்தார். யாவரும் பின்பற்றலாம் என விரும்பமுடியாத ஒன்றைத் தன் செயலுக்கு விதியாகக் கொள்ளுதல் ஆகாது என்று காண்ற் கூறியதன் கருத்தும் இதுவே. இன்னொன்றும் உண்டு. பயணி என்பவன் விருந்தினன். விருந்துக்குச் சென்ற வீட்டிலே ஒரு சிறு கரண்டியை மடியில் மறைத்து வந்தவனை, அவ்வீட்டிற் கரண்டிகள் நூறு உண்டென்று கூறி நாம் விடுவிப்பதில்லை. குறைந்தது கரண்டியன்று, நம்பிக்கை.

விலக்களித்தல் என்ற இவ்வியல்பு எவ்வாறு தொற்றுகின்றது என்பதையும் அதே பூங்கா காட்டுகின்றது. உளவியலாளர் றொபேட் சியால்டினியும் அவருடன் பணிசெய்தோரும் அங்கே ஒரு பரிசோதனை நடத்தினர். நடைபாதைகளிலே அடையாளமிட்ட கல்மரத் துண்டுகளை வைத்து, வெவ்வேறு அறிவித்தற் பலகைகளை நாட்டினர். 'முன்னர் வந்தோர் பலர் கல்மரத்தை எடுத்துச் சென்றுள்ளனர். அதனாற் காட்டின் இயற்கைநிலை மாறுகின்றது' என்ற கருத்துடைய பலகை நின்ற வழியிலே 7.92 வீதமான துண்டுகள் களவு போயின. தயவுசெய்து எடுக்கவேண்டாம் என்று மாத்திரம் கேட்ட பலகை நின்ற வழியிலே களவு போனவை 1.67 வீதமே. 'பலரும் திருடுகின்றனர்' என்ற புலம்பல், திருட்டைத் தடுப்பதற்குப் பதிலாக அதற்கு அனுமதி வழங்கியதாயிற்று. ஒழுக்கம் சீரழிந்துவிட்டதென மேடைதோறும் முழங்குவோர் இம்முடிவைச் சிந்தித்தல் நன்று. 'இக்காலத்தில் எல்லோரும் இப்படித்தான்' என்ற வாக்கியத்தைக் கேட்பவன், தானும் அவ்வெல்லோருள் ஒருவனாவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

அவ்வாறு எடுத்துச் சென்றவருட் சிலர் பின்னொரு நாள் மனம் மாறுகின்றனர். அம்மாற்றத்துக்குக் காரணம் யாது? கடிதங்கள் பலவும் துன்பக் கதைகளைக் கூறுகின்றன. கல் வீட்டுக்கு வந்த நாள் தொட்டு நோய்; வேலையிழப்பு; மணமுறிவு; வாகன விபத்து. ஹவாயிலே எரிமலைத் தெய்வமான பேலே கல் எடுத்தவரைச் சபிப்பாள் என்ற கதை பயணிகளிடையே பரவியிருக்கின்றது. அக்கதை பண்டை ஹவாய் மரபைச் சேர்ந்ததன்று, இருபதாம் நூற்றாண்டிலே தோன்றியது என்பதே அறிந்தோர் கருத்து. ஆயினும் கதையின் வயது அச்சத்தின் வலிமையைக் குறைக்கவில்லை.

சாபத்துக்கு அஞ்சிக் கல்லைத் திருப்பி அனுப்புதல் அறச்செயலாகுமா? கடுமையான ஓர் அறவியலாளர் ஆகாது என்றே விடையளிப்பார். வாடிக்கையாளரை இழக்க அஞ்சி நேரிய விலைக்கு விற்கும் வணிகனின் செயல் கடமைக்கு இணங்கியது, ஆனாற் கடமையின் பொருட்டுச் செய்யப்பட்டதன்று என்று காண்ற் 1785இல் எழுதிய நூலிலே வேறுபடுத்தினார். துன்பம் வராதிருந்தால் இவர்கள் கல்லை வைத்துக்கொண்டே இருந்திருப்பார்களன்றோ? இவர்களுடைய பொதி மன்னிப்பு வேண்டுவதன்று. துன்பத்தை விலைகொடுத்து நீக்கிக்கொள்ளும் வியாபாரமே. மேலும், கல் வந்த பின் நோய் வந்தமையாற் கல்லே நோயைத் தந்தது என்பது, முன் நிகழ்ந்தது யாவும் பின் நிகழ்ந்ததற்குக் காரணம் எனக் கொள்ளும் அளவையியற் போலியாகும். கல் எடுத்தும் இனிது வாழ்வோர் எத்தனை பேர்? அவர்கள் கடிதம் எழுதுவதில்லை.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆயினும் முழுமை இல்லை. துன்பப்பட்ட மனிதன் எப்பொழுதும் 'எனக்கு ஏன் இது?' என்று கேட்கின்றான். மருத்துவ நூல் அவ்வினாவுக்கு விடை தருவதில்லை. 'எப்படி' என்பதற்கு மாத்திரமே அது விடை தரும். காரணமின்றி வந்த துன்பத்தைத் தாங்குவதிலும், தான் செய்த ஒன்றினால் வந்த துன்பத்தைத் தாங்குதல் அவனுக்கு எளிதாகின்றது. குற்றவாளி என்ற நிலையிலே அவனுக்குச் செய்வதற்கு ஒன்றேனும் எஞ்சியிருக்கின்றது. ஆகவே அவன் தன் வாழ்வைப் பின்னோக்கித் துழாவுகின்றான். அவ்வாறு துழாவும்போது அவன் கையில் அகப்படுவது அலுமாரியின் மேற்றட்டிலே தூசி படிந்து கிடக்கும் அந்தக் கல். ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது ஒன்று உண்டு. எத்தனையோ பொருள்கள் கிடந்த வீட்டிலே அவன் அந்தக் கல்லைத் தெரிந்தெடுத்தது ஏன்? விலைகொடுத்து வாங்கிய பொருளை அவன் ஐயுறவில்லை. தனக்குரியதன்று என அவன் உள்ளூர அறிந்திருந்த பொருளையே ஐயுற்றான். அச்சம் அந்த அறிவை உண்டாக்கவில்லை. உறங்கிக் கிடந்த அதனை எழுப்பியது.

அன்றியும், எல்லாக் கடிதங்களும் துன்பத்தைப் பேசுவனவல்ல. உலுருவுக்கு வரும் கடிதங்களுட் பல, சாபம் எதனையும் குறிப்பிடாமல், எடுத்தது பிழை என்று மாத்திரம் கூறி மன்னிப்புக் கோருவன. அப்பாறையிலே அனாங்கு மக்களின் முன்னோர் கதைகளும் ஒழுகலாறும் சட்டமும் ஒன்றாக உறைகின்றன. அவை யாவற்றையும் அவர்கள் ஜுக்குர்ப்பா என்னும் ஒரு சொல்லாற் குறிப்பர். பாறையில் ஏறவேண்டாம் என அவர்கள் பல்லாண்டுகள் வேண்டினர். வேண்டுகோளைப் பொருட்படுத்தாது ஏறியோர் பலர். 2019 ஒக்ரோபர் 26ஆந் திகதி ஏறுதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. தடை வருவதற்கு முந்திய நாள்களிலே, இறுதி வாய்ப்பை இழக்கலாகாதென்று பயணிகள் முண்டியடித்து வரிசையில் நின்றனர் என்பதையும் சொல்லவேண்டும். சட்டம் காலை நிறுத்தும். மனத்தை நிறுத்துவது வேறொன்று. யாரும் கேளாமலே ஒரு கல்லைப் பொதிகட்டித் தபாற் கந்தோருக்குக் கொண்டுசெல்பவனிடம் அந்த வேறொன்று தொழிற்படுகின்றது.

இனி, கல் திரும்பி வந்த பின்னர் நிகழ்வதைக் காண்போம். கதையின் மிகத் துயரமான பகுதி இதுவேயாகும். அரிசோனாவுக்கு மீண்டு வரும் கற்கள் காட்டிலே மீண்டும் வைக்கப்படுவதில்லை. வைக்க முடியாது. கல்மரத் துண்டு ஒன்று கிடந்த இடம், கிடந்த மண்ணடுக்கு, அருகிருந்த ஏனைய துண்டுகள் ஆகியவற்றோடு சேர்ந்தே ஆய்வாளருக்குப் பொருள் தருகின்றது. எடுத்த இடம் இன்னதென எவரும் அறியாத துண்டை எங்கோ ஓரிடத்தில் வைத்தால், அது நிலத்தின் வரலாற்றிலே எழுதப்பட்ட பொய்யாகிவிடும். ஆகவே திரும்பி வந்த கற்கள் யாவும் பூங்காவின் ஒரு வழியருகே குவிக்கப்பட்டுள்ளன. 'மனச்சாட்சிக் குவியல்' என்பது அதன் பெயர். ஊருக்குத் திரும்பியும் வீடு சேராத கற்கள் அவை.

திருப்பிக் கொடுத்தல் என்னும் செயலினுள்ளே மூன்று கூறுகள் அடங்கியிருப்பதை அக்குவியல் எமக்குக் காட்டுகின்றது. ஒன்று பொருள், மற்றொன்று அப்பொருளின் இடம், மூன்றாவது, கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையிலான உறவு. கடன் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இம்மூன்றும் ஒருங்கே சீராகிவிடுகின்றன. பணத்துக்கு இடமென ஒன்றில்லை. ஆனால் உலகிலே பெரும்பாலான பொருள்கள் பணத்தைப் போன்றவையல்ல. அவை கிடந்த இடத்தாலேயே அவை அவையாயின. அத்தகைய பொருளை ஒரு முறை பெயர்த்துவிட்டால், பொருளை மீட்கலாம், இடத்தை மீட்க முடியாது. நாம் 'திருப்பித் தந்துவிட்டேன்' என்று சொல்லும்போது, பணத்தின் இயல்பை எல்லாப் பொருள்களின் மேலும் ஏற்றிவிடுகின்றோம்.

மனந்திருந்துதலிலும் தன்னலம் நுழைய வழியுண்டு என்பதையும் மறைத்தல் ஆகாது. 'தயவுசெய்து இக்கல்லை எடுத்த இடத்திலே வைத்துவிடுங்கள்' என்று எழுதுபவர், தன் செயலின் விளைவை முன்பின் அறியாத ஓர் ஊழியரின் தலையிலே சுமத்துகின்றார். பொதியைப் பிரிப்பவர், கடிதத்தைப் படிப்பவர், கல்லைச் சுமப்பவர் எல்லோரும் இவருடைய நிம்மதிக்காக உழைக்க வேண்டியவராகின்றனர். பொதி புறப்பட்டதும் அவர் மனம் இலேசாகின்றது. பாரம் இடம் மாறியதேயன்றி இல்லாமற் போகவில்லை. ஆகவே கழிவிரக்கம் என்பது தன்னைப் பற்றியதா, தான் தீங்கிழைத்ததைப் பற்றியதா என்று வினவுதல் இன்றியமையாதது. முன்னையது ஆறுதலைத் தேடும். பின்னையது ஆறுதல் கிடைக்காவிடினும் செய்யவேண்டியதைச் செய்யும்.

இடம் அறியப்பட்ட ஒரு பொருள் திரும்பி வரும்போது நிலைமை வேறாகுமா? இதற்கு எமது நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1765ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது, லேவுகே திசாவையின் பீரங்கி எனப்படும் அலங்காரப் பீரங்கியை எடுத்துச் சென்றனர். பொன்னும் வெள்ளியும் மணிகளும் பதித்த அச்சிறு பீரங்கி, அம்ஸ்ரடாம் நகரின் தேசிய நூதனசாலையிலே நெடுங்காலம் காட்சிப்பொருளாயிருந்தது. ஆராய்ச்சியாளர் அதன் வரலாற்றைத் தொடர்ந்து ஆராய்ந்து, அது கொள்ளைப் பொருளே என நிறுவினர். 2023ஆம் ஆண்டிலே நெதர்லாந்து அரசு அதனையும் வாள், கத்தி, துப்பாக்கி முதலிய வேறு ஐந்து பொருள்களையும் இலங்கைக்குத் திருப்பி அளித்தது. எடுத்தது 1765; கொடுத்தது 2023. இடையிலே 258 ஆண்டுகள்.

உல்லாசப் பயணியின் கல்லையும் படையினரின் கொள்ளையையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. ஒன்று அறியாமையும் ஆசையும் கலந்தது. மற்றையது ஆயுதத்தின் துணைகொண்டது. எனினும் திருப்பிக் கொடுத்தல் பற்றிய எமது வினாவை இவ்விரண்டும் இரு புறத்திலிருந்து ஒளியூட்டுகின்றன. கல் எடுத்தவர் அஞ்சினார். நூதனசாலையை எச்சாபமும் வருத்தியதாகத் தெரியவில்லை. அது நோயுறவில்லை, பொருள் நெருக்கடியாற் கலங்கவில்லை. ஆராய்ச்சியும் கொள்கையும் கொண்டு, நிதானமாகவே அது கொடுக்கப்பட்டது. அச்சமின்றியும் திருப்பிக் கொடுத்தல் கூடும் என்பதற்கு இது சான்று. அச்சமின்றிச் செயற்படும் மனச்சாட்சி எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கும் இதுவே சான்று.

பீரங்கி எந்த இடத்துக்கு மீண்டது என்றும் கேட்கவேண்டும். அது இருந்த கண்டி அரசவை 1815உடன் மறைந்துவிட்டது. கொள்ளையிடப்பட்ட அரசனுமில்லை, அவனுடைய மண்டபத்திலே அப்பொருளுக்கிருந்த பணியுமில்லை. அது வந்து சேர்ந்தது கொழும்பு நூதனசாலைக்கு. இடம் அறியப்பட்ட பொருளுங்கூடத் தன் பழைய இடத்தை அடைவதில்லை. ஏனெனில் இடம் என்பது காலத்தோடு கூடியது. அவ்வாறிருந்தும், 'இனிக் கொடுத்து என்ன பயன்?' என்று எவரும் வாதிட்டிருப்பின் நாம் அதனை ஏற்றிருக்கமாட்டோம். பழைய நிலையை மீட்க முடியாது என்பது கொடாமலிருப்பதற்கு நியாயமாகாது.

இங்கேதான் எமது வினாவுக்கு விடை கிடைக்கின்றது. திருப்பிக் கொடுத்தலின் பெறுமதி, அது பழைய நிலையை மீட்கின்றது என்பதில் இல்லை; பெரும்பாலும் அது மீட்பதில்லை. பொருளும் இடமும் உறவும் என்று நாம் வகுத்த மூன்றனுள், முதலாவது மீள்கின்றது, இரண்டாவது மீள்வதில்லை, மூன்றாவது மாத்திரம் புதிதாகத் தொடங்கக்கூடியது. எடுத்தவன் 'இஃது என்னுடையதன்று' என்று வெளிப்படச் சொல்லும்போது, தன் செயலினால் மறுத்த விதியைத் தன் வாயினால் மீண்டும் நிலைநாட்டுகின்றான். பொய்யாகத் தனக்களித்த விலக்கைத் தானே விலக்குகின்றான். கழுவாய் என்ற எமது பழஞ்சொல் கழுவுதலை நினைவூட்டுகின்றது. ஆனாற் கறை கழுவப்படினும் துணி புதியதாகிவிடுவதில்லை. அதை அறிந்து கழுவுதலே உண்மையான கழுவாய்.

ஆகவே, மன்னிப்புக் கடிதங்களுள் மிக நேர்மையானது யாது என வினவினால், தன் துன்பங்களை நீளமாக எழுதியதும் அன்று, கல்லை எடுத்த இடத்திலே வைத்துத் தன்னைச் சாபத்திலிருந்து விடுவிக்குமாறு வேண்டியதும் அன்று. 'இதனை எடுத்தேன். எடுத்திருக்கக்கூடாது. எடுத்த இடம் நினைவில்லை. அனுப்புகின்றேன்' என்ற அளவிலே நிற்கக்கூடிய கடிதமே அது. இவ்வாறு எழுதுபவர் ஆறுதலைக் கேட்கவில்லை. தான் குலைத்ததைத் தன்னால் முழுவதும் சீர்செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, முடிந்ததை மாத்திரம் செய்கின்றார்.

இனி ஒரு சொல், எடுப்பதற்கு முன் நிற்பவருக்கு. எமது காலத்திலே பயணம் பெருகிவிட்டது. கண்ட இடத்திலிருந்து ஏதேனும் ஒன்றைக் கையோடு கொணராவிடிற் சென்றதே வீண் என்ற எண்ணமும் பெருகிவிட்டது. நினைவுக்குச் சான்று கேட்கின்றோம். கண்டதை மனம் வைத்திருக்கும் என்று நம்பத் துணிகின்றோமில்லை. கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுவரப் பழகுதல், பயணியின் ஒழுக்கம் மாத்திரமன்று. உடைமை என்ற எண்ணமின்றி ஒன்றை நேசிக்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சியுமாகும். அதனைக் கற்றவனுக்குப் பொதிகட்டும் வேலை நேராது. கற்கத் தவறியோர் அனுப்பிய கற்களோ அரிசோனாவின் வழியோரத்திலே, ஒன்றோடொன்று தொடர்பின்றி, குவிந்தவாறே கிடக்கின்றன. பூங்காவுக்கு நாளையும் ஒரு பொதி வரலாம்; அதையும் ஒருவர் பிரித்து, கடிதத்தைக் கோப்பில் இட்டு, கல்லை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும்.